வேகமான காருக்கு எந்த ஆயில்? முதலில் பாகுப் பதம் பார்ப்போம்

நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஸ்கோடாவின் வேகக் காரான ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கினார். வாங்கிய மூன்றாவது வாரமே கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஒன்றுக்கு (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) பெயர் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "10டபிள்யூ-60 ஊத்திடலாம்னு இருக்கேன்டா. ரேஸ் ஆயில்னு சொல்றாங்க. நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கா இருந்தாத்தானே இன்ஜின் தாங்கும்?"

வேகமான காருக்கு ரேஸ் ஆயில்தான் சரி, திக்கான ஆயில்தான் பாதுகாப்பு, ஊர் வெயிலைப் பார்த்துத்தான் ஆயில் வாங்க வேண்டும். நண்பர் பேசியதில் இந்த மூன்று நம்பிக்கைகளும் இருந்தன. கார் ஷெட்டுக்குப் போகிற யாரும் இவற்றை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். மூன்றுமே முழுப் பொய் இல்லை, அதனால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் இவற்றை நம்பி ஆயில் வாங்கினால் இன்ஜினுக்குக் கேடு வரலாம்.

கடலை உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாகப் புரியும். அடுப்பில் கொதிக்கும்போது பாகு தண்ணீர் போல ஓடும். இறக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்து வந்தால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. அதே வெல்லம், அதே தண்ணீர்தான், சூடு மட்டும்தான் வேறு. இன்ஜின் ஆயிலும் இப்படித்தான். கேனில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் அந்த ஆயிலின் பதத்தைச் சொல்கிறது. தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 5டபிள்யூ-40 என்று போட்டு மட்டமான ஆயிலும் விற்கலாம், அருமையான ஆயிலும் விற்கலாம்.

ஒரே ஆயிலுக்கு ஏன் இரண்டு எண்கள்? குளிரில் ஒரு பதம், சூட்டில் ஒரு பதம், அதனால்தான். டபிள்யூ என்பதை 'வெயிட்' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 'விண்டர்', அதாவது குளிர்காலம். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரி குளிரிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கும் என்று பொருள். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35, 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள். பின்னால் வரும் எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எடுத்த அளவின்படி கொடுக்கப்படுகிறது. சென்டிஸ்டோக் என்ற அலகில் 6.9 முதல் 9.3 வரை இருந்தால் அது 20. 9.3 முதல் 12.5 வரை 30. 12.5 முதல் 16.3 வரை 40. 16.3 முதல் 21.9 வரை 50. அதற்கு மேல் 26.1 வரை 60. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அறை வெப்பத்தில் தண்ணீர் சுமார் 1. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. 1911-லேயே தொடங்கிய வகைப்பாடு இது. பல தடவை திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது வெயில் விஷயத்துக்கு வருவோம்.

வழக்கமான 5டபிள்யூ-40 ஆயில் ஒன்று 100 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக் இருக்கும். அதே ஆயில் சென்னையில் காலை ஏழு மணிக்கு, 30 டிகிரியில், கிட்டத்தட்ட 130. ஒன்பது மடங்கு திக்கு. 'தண்ணி மாதிரி இருக்கே' என்று மெக்கானிக்குகள் முகம் சுளிக்கும் 0டபிள்யூ-20 கூட அந்த நேரத்தில் 65 அல்லது 70 இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 250-ஐத் தாண்டிவிடும். ஓடும் இன்ஜினுக்கு வேண்டிய பதமோ இருபதுக்கும் கீழே எங்கோ இருக்கிறது. ஆக, ஆயிலைப் பொறுத்தவரை சென்னையில் கத்திரி வெயில் காலத்து விடியற்காலையும் குளிர்காலம்தான். நிழலில் நின்றிருந்த காரை முடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஆயில் தேவைக்கு அதிகமான திக்காகத்தான் இருக்கிறது. முடுக்கிய முதல் சில நிமிடங்களில்தான் இன்ஜின் தேய்மானத்தில் பெரும் பங்கு நடக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் சீக்கிரம் மேலேறி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் டர்போவையும் தொட வேண்டிய ஆயிலை நாமே வலியப் போய்த் திக்காக்குவானேன்?

வண்டி சூடேறிய பிறகு? ஊர் 45 டிகிரியாக இருந்தாலும் 15 டிகிரியாக இருந்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து கூலன்ட்டை ஏறத்தாழ ஒரே சூட்டில் வைத்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆயில் 90, 100, 110 என்று அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நிற்கும். ஊரின் வெயில் அதில் கொஞ்சம்தான் கூட்டும். ஆயிலை உண்மையில் சூடாக்குவது நம் வலது கால்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பத்து நிமிடம் டிராக்கில் சுற்றினால் 120, 130 டிகிரி சர்வ சாதாரணம். 130 டிகிரியில் அந்த 5டபிள்யூ-40 சுமார் 8 சென்டிஸ்டோக்குக்கு இளகிவிடும். 100 டிகிரியில் 20 எண் ஆயில் இருக்கும் பதம் அது. டிராக்குக்குப் போகிறவர்கள் ஒரு படி மேலான எண்ணைத் தேடுவதில் நியாயம் இருப்பது இதனால்தான். காரணம் கால் மிதிக்கும் மிதி, ஊர் வெயில் இல்லை.

சரி, அப்படியானால் எவ்வளவு திக்கு வேண்டும்? இதற்குப் பதில் ஆயில் கேனில் இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு இடைவெளியில் இருக்கிறது.

இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டும் அதைச் சுற்றியிருக்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே முடியளவு இடைவெளி. அதில் ஆயில். சுழலும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டுபோய்க் குறுகலான பக்கம் ஆப்பு மாதிரி திணிக்கிறது. அந்த ஆப்புதான் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆயில் பம்ப் கொடுக்கும் பிரஷர் ஆயிலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும்தான். சுமையைத் தாங்குவது அந்த மெல்லிய படலம். ஆயில் அளவுக்கு மீறி இளகினால் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தில் உரசும். அளவுக்கு மீறித் திக்காக இருந்தால் அந்த இடைவெளிக்குள் போதுமான ஆயில் பாயாது, பேரிங்கின் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரவும் செய்யாது. இங்கேதான் பிரஷர் மீட்டர் ஆளை ஏமாற்றும். திக்கான ஆயில் ஊற்றியதும் முள் மேலே ஏறும். 'பார்த்தீங்களா, பிரஷர் ஏறிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள். ஆயில் சுலபமாகப் போக முடியாமல் திணறுவதாலும் பிரஷர் ஏறும் என்பது யாருக்கும் உறைக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் இரண்டு இன்ஜின்கள். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர், டர்போ கிடையாது, 9,000 ஆர்.பி.எம். வரை கத்தும். அடுத்தது அதற்குப் பிறகு வந்த பி.எம்.டபிள்யூ.வின் இ46 தலைமுறை எம்3. 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், இதற்கும் டர்போ கிடையாது, 8,000 ஆர்.பி.எம். இரண்டும் ஒரே காலத்து வண்டிகள், இரண்டுமே சுற்றிச் சுற்றிப் பவர் எடுக்கும் ஜாதி. ஹோண்டா கேட்டது 10டபிள்யூ-30. பி.எம்.டபிள்யூ. கேட்டது 10டபிள்யூ-60. அதிகம் சுற்றும் இன்ஜினுக்குப் பாதி எண்!

ஹோண்டாக்காரர்கள் அசட்டுத் துணிச்சல்காரர்கள் இல்லை. பேரிங்கின் அகலம், இடைவெளி, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராடின் எடை, பம்ப் தள்ளும் அளவு என்று எல்லாமே வேறு. ஒவ்வொரு கம்பெனியும் தன் இன்ஜினை ஒரு குறிப்பிட்ட பதத்தை மனதில் வைத்துத்தான் வரைகிறது. அந்த எம்3-ன் தொடக்கக் கால வண்டிகளில் கான்ராட் பேரிங் தொந்தரவு வந்து, பி.எம்.டபிள்யூ.வே கார்களைக் கூப்பிட்டுப் பேரிங் மாற்றிக் கொடுத்தது. அந்தக் கதையும் 60 என்ற எண்ணும் சேர்ந்துதான் 10டபிள்யூ-60-க்கு ஒரு வீரப் பெயரைக் கொடுத்துவிட்டன என்று எனக்குத் தோன்றும். பின்னாளில் எம்3-க்கு டர்போ இன்ஜின்கள் வந்தபோது அதே கம்பெனி அந்த 60-ஐ விட்டுவிட்டு மெல்லிய ஆயிலுக்குப் போனது. பவர் கூடியது, எண் குறைந்தது. ஆக, 'பவர் அதிகம், அதனால் திக்கு அதிகம்' என்ற கணக்கே நிற்காது.

என் நண்பரின் காருக்கு வருவோம். அதில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். வால்வு டைமிங்கை மாற்றும் பாகம், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாமே ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கின்றன. அவற்றின் துவாரங்களும் வால்வுகளும் ஒரு பதத்துக்காகச் செய்யப்பட்டவை. 60-ஐ ஊற்றினால் குளிர்ந்த இன்ஜினில் அவை சோம்பலாக அசையும். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. ஆயில் தாமதமாக வந்தால் அது காத்துக்கொண்டிருக்காது.

மேனுவலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முதலில் பார்க்க வேண்டியது 40, 50 என்ற எண் இல்லை, அங்கீகாரக் குறியீடு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் வி.டபிள்யூ. 502 00, 504 00 என்று இருக்கும். மெர்சிடிஸில் எம்.பி. 229.5, பி.எம்.டபிள்யூ.வில் லாங்லைஃப்-01, போர்ஷேயில் ஏ40. ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னாலும் அந்தக் கம்பெனி தன் இன்ஜினில் வைத்து நடத்திய நீண்ட சோதனைகள் இருக்கின்றன. பிஸ்டனில் கசடு எவ்வளவு படிகிறது, கேம் எவ்வளவு தேய்கிறது, ஆயில் எத்தனை மணி நேரம் பதம் கெடாமல் நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எண் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறது, இந்தக் குறியீடு பத்து விஷயங்களைச் சொல்கிறது. வி.டபிள்யூ. 508 00 என்று இன்னொன்று உண்டு. பச்சை நிறம் போட்ட 0டபிள்யூ-20. புதிய குறியீடு என்பதால் நல்லது என்று நினைத்து அதைப் பழைய இன்ஜினில் ஊற்றக் கூடாது. அதற்காக வடிவமைத்த இன்ஜின்களுக்கு மட்டும்தான் அது.

கேனின் பின்புறத்தில் வார்த்தைகளைக் கவனமாகப் படியுங்கள். 'அங்கீகாரம் பெற்றது' என்பது வேறு, 'இந்தத் தரத்துக்கு ஏற்றது', 'இந்தக் கார்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்பது வேறு. முதலாவது கார் கம்பெனி கொடுத்த சான்று. மற்றவை ஆயில் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட மதிப்பெண். பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று சமமும் இல்லை.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற தங்க எழுத்தும் இப்படித்தான். ஒரு காலத்தில் ஆய்வகத்தில் கட்டி எழுப்பிய மூலக்கூறுகளால் ஆன அடிப்படை ஆயிலை மட்டுமே அப்படிச் சொன்னார்கள். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் பிரிவு ஆயிலையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் சண்டை வந்தது. 1999-ல் விளம்பரங்களை ஆராயும் அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாகச் சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல் தளர்ந்துவிட்டது. இதில் அழ ஒன்றும் இல்லை, நல்ல மூன்றாம் பிரிவு ஆயில்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். குறியீட்டுக்குக் கொடுங்கள்.

வேகமாக ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு அளவு எச்.டி.எச்.எஸ். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கேனின் முன்பக்கத்து எண்ணுக்கான சோதனையில் ஆயில் மெதுவாக வழிகிறது, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் அது வழிவதில்லை, கசக்கிப் பிழியப்படுகிறது. அதனால் 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பது போன்ற அசுர உராய்வில் வைத்து இன்னொரு தடவை அளக்கிறார்கள். அதுதான் இது. இதற்கு அலகு சென்டிஸ்டோக் இல்லை, வேறு. 0டபிள்யூ-20 குறைந்தது 2.6 வாங்க வேண்டும், 30 எண் ஆயில்கள் குறைந்தது 2.9, 5டபிள்யூ-40 போன்றவை 3.5. ஐரோப்பிய வேகக் கார்கள் பெரும்பாலும் இந்த 3.5-ஐத்தான் எதிர்பார்க்கின்றன. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 2.9-லும் நிற்கலாம், 3.5-லும் நிற்கலாம். வி.டபிள்யூ. 504 00 வாங்கிய 30 எண் ஆயில் 3.5-க்குக் குறையாது. மைலேஜுக்காகச் செய்த வேறொரு 30 அங்கே வராது. முன்பக்கத்தில் இரண்டிலும் ஒரே எண்தான் இருக்கும்.

ஆயில் சூட்டில் அதிகம் இளகாமல் இருக்கப் பாலிமர் இழைகளைச் சேர்ப்பார்கள். சூடேறினால் அவை விரிந்து பதத்தைத் தாங்கும். ஓட ஓட அந்த இழைகள் அறுபடும், 40 மெல்ல 30 ஆகும். முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் தூரம் அதிகமாக இருந்தால், பொதுவாக இழையும் அதிகம் தேவைப்படும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களுக்கு இரண்டு தனி நோய்கள் உண்டு. ஒன்று, குறைந்த ஆர்.பி.எம்.மில் மேல் கியரில் சட்டென்று மிதிக்கும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்று ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்வது. ஒரே வெடியில் பிஸ்டன் உடையலாம். ஆயிலில் அழுக்கைக் கரைக்கப் போடும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். அப்படி வந்தவைதான் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் தரக் குறியீடுகளான 2018-ன் எஸ்.என். பிளஸ், பிறகு 2020-ன் எஸ்.பி. உங்கள் மேனுவல் ஏ.பி.ஐ. எழுத்துகளில் பேசினால் எஸ்.பி.க்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டாவது நோய், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலப்பது. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் ஆயில் சூடேறவே நேரம் இருக்காது, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போகாது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பங்க் வாசனை அடிக்கும். ஊற்றியது 40 என்றாலும் ஓடுவது 40 இல்லை.

எண்ணை விடவும் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுகிறோம் என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். வேகமாக ஓட்டுகிற டர்போ காருக்கு 15,000 கிலோமீட்டர் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். 7,000 அல்லது 8,000-த்தில் மாற்றுங்கள். டிராக்குக்குப் போய் வந்தால் இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள். விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி இரண்டு வருடம் ஓட்டுவதைவிட, சரியான குறியீடுள்ள நடுத்தர விலை ஆயிலை வருடம் இரண்டு தடவை மாற்றுவது இன்ஜினுக்கு எவ்வளவோ மேல்.

இனி முதல் நம்பிக்கையான ரேஸ் ஆயிலுக்கு வருவோம். அசல் ரேஸ் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், அழுக்கைக் கரைக்கும் சேர்மானம் குறைவு. சில ரேஸ் ஓடிவிட்டு வடித்துவிடுவதற்காகச் செய்தது அது. மாதக்கணக்கில் டிராஃபிக்கில் ஊர்ந்தால் கசடு சேரும், அந்தப் பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். 10டபிள்யூ-60 ரேஸ் ஆயில் என்பதும் சரியில்லை. பி.எம்.டபிள்யூ. அதை ரோட்டில் ஓடும் காருக்காகத்தான் கேட்டது, அந்த இன்ஜினுக்காக. கூடவே 'டானிக்' மாதிரி விற்கும் சின்னப் பாட்டில்களும் வேண்டாம். ஆயிலில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முடித்துத்தான் கேனை மூடுகிறார்கள்.

போலி கேன் நம் ஊரில் நிஜப் பிரச்சினை. பெயர்பெற்ற பிராண்ட் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம் இல்லை. ஆயில் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், சீலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், காலியான கேனை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்.

நண்பர் கடைசியில் 502 00 அங்கீகாரம் பெற்ற 5டபிள்யூ-40 வாங்கினார். 4 லிட்டர் கேன் ஒன்று, 1 லிட்டர் கேன் இரண்டு. ஃபில்டரோடு சேர்த்து ஐந்தரை லிட்டருக்கு மேல் பிடித்தது. டிராக்கில் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுத்துவிடக் கூடாது என்பதால், டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டை ஒட்டியே நிரப்பச் சொன்னேன். கோட்டைத் தாண்டினாலும் ஆபத்துதான், கிராங்க் அடித்து நுரைத்துவிடும். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நின்ற பிறகும் ஒரு நிமிடம் ஐடிலில் விடச் சொன்னேன். டர்போவுக்குள் நிற்கும் ஆயில் வெந்து கரியாகாமல் இருக்க அது.

இரண்டாவது செஷனுக்கு அப்புறம் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "கொஞ்சம் குறைஞ்சிருக்குடா, என்ன ஊத்தறது?" டிக்கியைத் திறந்து, அந்த ஒரு லிட்டர் கேனின் மிச்சத்தை எடுக்கச் சொன்னேன்.